400.1755: செங்காந்தளுக்குள் ஒரு மூலக்கூறின் தடம்

செங்காந்தள் கிழங்கைத் தெரியாமல் தின்றவர்கள் செத்திருக்கிறார்கள். கொல்வது அதிலுள்ள கோல்சிசின் என்ற ஆல்கலாய்டு. அளந்து கொடுத்தால் அதே கோல்சிசின் யூரிக் அமில மூட்டுவலிக்கு மருந்து. மருந்தின் அளவுக்கும் நஞ்சின் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துச் செல்லும் நுண்குழல்கள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. கோல்சிசின் போய் ஒட்டிக்கொள்வது அதில்தான். 1960-களில் அந்தப் புரதம் கையில் சிக்கியதே, கோல்சிசின் எதில் ஒட்டுகிறது என்று தேடிப் போனபோதுதான்.

1820-இல் பெல்லெத்தியேவும் கவாந்துவும் கோல்சிக்கம் செடியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பிறகு 200 ஆண்டுகள் மருத்துவம் இதைப் பயன்படுத்தியது, செல் உயிரியல் பயன்படுத்தியது, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க வேளாண் விஞ்ஞானிகள் பயன்படுத்தினார்கள். ஆனால் செடி இதை எந்த மரபணுக்களைக் கொண்டு செய்கிறது என்பது மட்டும் இருட்டாகவே இருந்தது. 2020-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு அந்த இருட்டில் பெரும்பகுதியை விலக்கியது. ஆசிரியர்கள் மூன்றே பேர்: ரயன் நெட், வாரன் லாவ், எலிசபெத் சாட்டலி. இடம் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். ஆய்வுக்கு எடுத்த செடி நம்முடைய செங்காந்தள்.

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. உயிரில் உள்ள சிறு மூலக்கூறுகளை மொத்தமாக அளக்கும் மெட்டபாலோமிக்ஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஆயிரக்கணக்கான பீக்குகள் (அளக்கும் கருவி வரையும் கோட்டில் மூலக்கூறுகளுக்காக எழும் முகடுகள்), சிவப்பும் நீலமுமாக ஒரு வெப்பப் படம், புள்ளிகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து நிற்கும் ஒரு வரைபடம். படம் அழகாக இருக்கும். இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்டால் பதில் சுற்றி வளைத்துத்தான் வரும். இந்த ஆய்வில் அந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டது ஒரே கேள்வி: எந்தப் பீக் தேய்ந்தது, எது புதிதாக முளைத்தது, இரண்டுக்கும் எடையில் எவ்வளவு வித்தியாசம்?

பாக்டீரியாவில் பழகிய கை

சாட்டலி முதலில் செடி ஆள் இல்லை. கரிம வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அடுத்து ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் கிறிஸ்டோபர் வால்ஷின் குழுவில் சேர்ந்து, பாக்டீரியாக்கள் சிக்கலான மூலக்கூறுகளை நொதி நொதியாகக் கட்டும் விதத்தைப் படித்தார். நெட்டும் அப்படித்தான். ரூபன் பீட்டர்ஸின் குழுவில் அவர் முனைவர் பட்டத்துக்காகச் செய்த வேலை, ஜிப்ரலின் என்ற தாவர ஹார்மோனை பாக்டீரியாக்கள் எப்படிச் செய்கின்றன என்பது. செடியும் பாக்டீரியாவும் தனித்தனி வழியில் பரிணமித்து ஒரே ஹார்மோனுக்கு வந்து சேர்ந்தன என்று அந்த ஆய்வு 2017-இல் காட்டியது.

இதைச் சொல்லக் காரணம், பாக்டீரியாவில் இந்த வகைத் தேடலுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஒரு மூலக்கூறைச் செய்யத் தேவையான மரபணுக்கள் பெரும்பாலும் குரோமோசோமில் அடுத்தடுத்து, ஒரே தெருவில் குடியிருப்பதுபோல் இருக்கும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவில் ஆக்டினோரோடின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் செய்யும் மரபணுத் தொகுப்பு முழுவதையும் 1984-இலேயே மால்பார்ட்டிடாவும் டேவிட் ஹாப்வுட்டும் எடுத்து, வேறொரு பாக்டீரியாவில் போட்டு வேலை செய்யவைத்துவிட்டார்கள். இன்று பாக்டீரியாவின் டிஎன்ஏ வரிசையைக் கணினியில் கொடுத்தால், இங்கே ஒரு தொகுப்பு, அங்கே ஒரு தொகுப்பு என்று அதுவே குறித்துக் கொடுக்கும். ஒரு மரபணுவைப் பிடித்தால் மற்றவை பக்கத்து வீட்டில்.

செடியில் இந்த வசதியை நம்ப முடியாது. ஓட்ஸில் அவெனசின் போன்ற சில பொருள்களுக்கு மரபணுக்கள் கூட்டமாக இருப்பதை ஆன் ஆஸ்போர்னின் குழு காட்டியிருக்கிறது, சரி. ஆனால் பல பாதைகளில் ஒரு மரபணு ஒரு குரோமோசோமில், அடுத்தது எங்கோ. செங்காந்தள் விஷயத்தில் அன்றைய நிலைமை இன்னும் மோசம். மரபணுத்தொகை வரிசை கிடையாது. செடியில் ஒரு மரபணுவை முடக்கிப் பார்க்கும் கருவி கிடையாது. பாதையில் வரும் ஒரு மரபணுகூட முன்பே தெரியாது. தெரு இருக்கிறதா என்றே தெரியாத ஊரில் முகவரி தேடுவதுபோல.

பழைய வரைபடம்

முழு இருட்டு என்று சொன்னால் முன்னோடிகளுக்கு அநியாயம். 1960-களில் ஆலன் பேட்டர்ஸ்பியின் குழு செய்த வேலை கையில் இருந்தது. கதிரியக்கக் கார்பன் ஏற்றிய அமினோ அமிலங்களைக் கோல்சிக்கம் செடிக்கு ஊட்டுவார்கள். செடி அதைக் கோல்சிசினில் சேர்க்கும். பிறகு அந்தக் கோல்சிசினைப் பிரித்தெடுத்து வேதியியல் முறையில் துண்டு துண்டாக உடைத்து, கதிரியக்கம் எந்த அணுவில் உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவார்கள். எல்லாமே கை வேலை, மாதக்கணக்கில்.

அந்த உழைப்பில் தெரிந்தது இது. கோல்சிசினில் மூன்று வளையங்கள். ஒரு பக்கத்து வளையமும் அதை ஒட்டிய மூன்று கார்பன்களும் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருகின்றன. எதிர்ப்பக்கத்து வளையம் டைரோசின் என்ற இன்னோர் அமினோ அமிலத்திலிருந்து வருகிறது. ஆனால் டைரோசினில் இருப்பது ஆறு கார்பன் வளையம், கோல்சிசினில் இருப்பது ஏழு கார்பன் வளையம். டிரோபோலோன் என்று பெயர். அந்த ஏழாவது கார்பனும் டைரோசினுடையதுதான். வால்பகுதியில் இருந்த ஒரு கார்பன் வளையத்துக்குள் நுழைந்துவிடுகிறது. எப்படி நுழைகிறது? தாளில் அம்புக்குறி போட்டுக் காட்ட முடிந்தது. எந்த நொதி என்று காட்ட முடியவில்லை. 1990-களில் மெயின்ஹார்ட் ஸென்கின் குழு, இந்தப் பாதையின் சில முக்கியப் படிகளுக்குப் பொறுப்பு, ஆக்சிஜன் சேர்ப்பதற்குப் பெயர்போன பி450 வகை நொதிகள் என்ற அளவுக்கு வந்தது. அதற்கான மரபணுக்கள் கிடைக்கவில்லை.

ஆக, ஸ்டான்ஃபோர்ட் குழுவிடம் இடைநிலைப் பொருள்களின் பட்டியல் ஓரளவு இருந்தது. செய்பவர்களின் பட்டியல் இல்லை.

சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும்

மரபணுக்கள் பக்கத்துப் பக்கத்தில் இல்லாவிட்டாலும், ஒரே வேலைக்கானவை ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் இயங்க வேண்டும். கிழங்கின் ஒரு பகுதியில் கோல்சிசின் வகைப் பொருள்கள் அதிகம், இலையில் குறைவு என்றால், அவற்றைச் செய்யும் மரபணுக்களின் ஆர்என்ஏவும் அதே ஏற்ற இறக்கத்தைக் காட்டும் என்று எதிர்பார்க்கலாம். இது ஸ்டான்ஃபோர்டில் பிறந்த யோசனை இல்லை. ஜப்பானில் கஸுகி சைட்டோவும் மசாமி ஹிராயும் 2004-இலேயே, கந்தகமும் நைட்ரஜனும் குறைந்த நிலையில் அராபிடாப்சிஸ் செடியின் ஆர்என்ஏ அளவுகளும் மெட்டபோலைட் எனும் சிறு மூலக்கூறுகளின் அளவுகளும் எப்படிச் சேர்ந்து நகர்கின்றன என்று பார்த்தார்கள். 2007-இல் அதே வழியில், கடுகுக் குடும்பத்தின் கார நெடிக்குக் காரணமான குளூகோசினோலேட்டுகளைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களைப் பிடித்தார்கள்.

சாட்டலியின் குழுவுக்கும் இதில் ஒரு முன்னனுபவம் இருந்தது. 2015-இல் வாரன் லாவும் அவரும் இமயமலை மேஆப்பிள் செடியில், எட்டோபோசைட் என்ற புற்றுநோய் மருந்தின் மூலப்பொருள் உருவாகும் பாதையைத் தேடினார்கள். இலையைக் காயப்படுத்தினால் அந்தச் செடி சம்பந்தப்பட்ட பொருளை அதிகமாகச் செய்யத் தொடங்கும். காயத்துக்கு முன், காயத்துக்குப் பின் என்று ஒப்பிட்டு 29 மரபணுக்களைப் பொறுக்கி எடுத்துச் சோதித்ததில் 6 தேறின. முன்பே தெரிந்த 4 மரபணுக்களோடு சேர்த்து 10-ஐயும் ஒரே இலையில் ஓடவிட்டார்கள். 29-க்கு 6 என்பது நல்ல விகிதம். கண்ணை மூடிக்கொண்டு தேடியிருந்தால் ஆயிரத்துக்கு ஒன்றுகூடத் தேறியிருக்காது.

செங்காந்தளில் அந்த 4 மரபணு உபகாரமும் இல்லை. பாகம் பாகமாக ஆர்என்ஏ எடுத்து வரிசைப்படுத்தி, நொதி வகையைப் பார்த்துச் சந்தேகத்துக்குரியவற்றை எடுத்தார்கள். பாதையில் மெத்தில் சேர்க்கும் படிகள் இருக்க வேண்டும், ஆகவே மெத்தில்டிரான்ஸ்ஃபரேஸ்கள். ஆக்சிஜன் சேர்க்கும் படிகள் இருக்க வேண்டும், ஆகவே பி450-கள். ஒன்றிரண்டு உறுதியானதும் அவற்றின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகிறவை எவை என்று பார்த்து அடுத்தவை.

ஊசி இல்லாத சிரிஞ்சு

சந்தேகிக்கும் மரபணு ஒன்று கையில் இருக்கிறது. அது என்ன செய்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் நிகோடியானா பெந்தாமியானா வருகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, புகையிலைக்கு உறவான சிறு செடி. அயல் மரபணுவை எதிர்க்கும் குணம் குறைவு என்பதால் எல்லோருக்கும் பிடித்த சோதனைச் செடி ஆகிவிட்டது.

செய்முறை இவ்வளவுதான். மரபணுவை அக்ரோபாக்டீரியத்துக்குள் வைக்கிறார்கள். தன் டிஎன்ஏவின் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செலுத்துவது அந்த பாக்டீரியாவின் பிறவிக் குணம். பாக்டீரியாக் கரைசலை ஊசி மாட்டாத சிரிஞ்சில் எடுத்து, இலையின் அடிப்பக்கத்தில் வாயை அழுத்தி, மறுபக்கத்தில் விரலால் தாங்கிக்கொண்டு மெல்ல அழுத்துவார்கள். இலைத்துளைகள் வழியாகக் கரைசல் உள்ளே பரவும். இலையில் எண்ணெய் பட்டதுபோல் ஒரு கரும்பச்சைத் திட்டு விரிவது கண்ணுக்கே தெரியும். சில நாள்களில் அந்தத் திட்டில் செங்காந்தளின் நொதி உருவாகியிருக்கும். நொதிக்கு வேலை கொடுக்க, ஆய்வகத்தில் செய்த ஆரம்பப் பொருளை அதே திட்டில் செலுத்துவார்கள். பிறகு அந்த இடத்தை வெட்டி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பொடித்து, மெத்தனால் கலந்த நீரில் ஊறவைத்து, வடிகட்டி, திரவ நிறப்பிரிகையோடு இணைந்த, மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஏற்ற வேண்டும்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், கலவை. ஒரு மரபணுவுக்கு ஒரு பாக்டீரியா. இரண்டு மரபணு வேண்டுமா, இரண்டு பாக்டீரியாக் கரைசல்களைக் கலந்தால் போதும். ஐந்து வேண்டுமா, ஐந்தையும். நீளமான டிஎன்ஏ ஒன்றைக் கட்டிச் சரிபார்த்து உட்காரத் தேவையில்லை. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் போடுவதும் அவ்வளவே சுலபம். ஜான் இன்னஸ் மையத்தில் ஜார்ஜ் லோமனோசாஃபின் குழு 2009-இல் காராமணி மொசைக் வைரஸின் துண்டுகளை வைத்து உருவாக்கிய டிஎன்ஏ வாகனம் வந்தபின், புரதமும் தாராளமாகவே கிடைக்கத் தொடங்கியது.

சிக்கலும் உண்டு. இலை காலிப் பாத்திரம் இல்லை. அதற்குச் சொந்தமாக ஆயிரக்கணக்கான பொருள்கள் உண்டு. அக்ரோபாக்டீரியம் உள்ளே போனதும் தற்காப்புக்காக இன்னும் சிலவற்றைச் செய்யும். புதிதாக வந்த மூலக்கூறைப் பார்த்து அதில் ஒரு சர்க்கரையை ஒட்டி ஓரங்கட்டியும் வைக்கும். ஆகவே, அதே பாக்டீரியாவையும் அதே ஆரம்பப் பொருளையும் செலுத்திய, ஆனால் அந்த ஒரு நொதி மட்டும் இல்லாத இலை எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். கணினி இரண்டு இலைகளின் எல்லாப் பீக்குகளையும் வரிசையாக ஒப்பிடும். கேரி சியுஸ்டாக்கின் குழு 2006-இல் வெளியிட்ட மென்பொருள் போன்றவை இந்த ஒப்பீட்டைச் சாத்தியமாக்கின. ஒப்பீட்டின் முடிவில் மிஞ்சுவது சில நேரம் ஒன்றிரண்டு பீக் மட்டும். அதுதான் வேண்டும்.

எடை ஏணி

இனிக் கொஞ்சம் கணக்கு. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மூலக்கூறுக்கு ஒரு புரோட்டானை ஒட்டி எடைபோடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டைரோசினிலிருந்து வந்த டோபமினும் ஃபீனைல்அலனினிலிருந்து வந்த ஓர் ஆல்டிஹைடும் ஒரு நீர் மூலக்கூறை விட்டுவிட்டு இணைந்தால் பாதையின் முதல் சட்டகம் கிடைக்கிறது. அதன் எடை 286.1438.

ஒரு மெத்தில் சேர்ந்தால் 14.0157 கூடும். ஒரு ஆக்சிஜன் நுழைந்தால் 15.9949 கூடும். இரண்டு ஹைட்ரஜன் போனால் 2.0157 குறையும். ஒவ்வொரு நொதியும் இப்படித் தன் கையெழுத்தை எடையில் விட்டுச் செல்கிறது. 286.1438-இல் தொடங்கி, நான்கு மெத்தில், இரண்டு ஆக்சிஜன் ஏறினால் 374.1962. இதுதான் ஆட்டம்னலின், பழைய வரைபடத்தில் முன்பே இருந்த பெயர். அடுத்து இரண்டு ஹைட்ரஜனைப் பிடுங்கி இரண்டு வளையங்களை நேராகக் கோர்த்தால் 372.1805. இன்னொரு மெத்தில் சேர்ந்தால் 386.1962.

அங்கே ஒரு வேடிக்கை. ஆக்சிஜன் இரண்டு முறை நுழைகிறது, இரண்டையும் செய்வது ஒரே பி450. அது சேர்ந்த குடும்பம் சிஒய்பி75ஏ. பூக்களின் நீல ஊதா நிறமிகளுக்கு ஆக்சிஜன் சேர்ப்பதற்காகப் பெயர்பெற்ற குடும்பம் அது. அந்த நிறமி வேலையிலும் ஒரே வளையத்தில் இரண்டு இடத்தில் ஆக்சிஜன் சேர்ப்பார்கள். வளையங்களைக் கோர்க்கும் நொதியும் அதே குடும்பத்து உறுப்பினர்தான், தொழிலை அடியோடு மாற்றிக்கொண்டவர். மரபணு வரிசையை மட்டும் பார்த்து முடிவு செய்திருந்தால் இரண்டையும் பூ நிறக் கணக்கில் எழுதி ஓரமாக வைத்திருப்பார்கள். வரிசை சொல்வது வம்சத்தை. இலையில் முளைத்த பீக் சொன்னது வேலையை.

இப்போது 386.1962-இல் நிற்கிறோம். அடுத்த படிதான் 60 ஆண்டுப் புதிர்: ஆறு வளையம் ஏழாக வேண்டும். பட்டியலில் இருந்த பி450-களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்ததில் ஒன்று, சிஒய்பி71எஃப்பி1, 386.1962-ஐத் தின்றுவிட்டு 400.1755-ஐ உருவாக்கியது.

400 என்று மட்டும் காட்டும் பழைய கருவியாக இருந்தால் என்ன ஆகும்? 14 கூடியிருக்கிறது, ஒரு மெத்தில் சேர்ந்திருக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். மெத்தில் சேர்ந்திருந்தால் எடை 400.2118 வர வேண்டும். வந்தது 400.1755. வித்தியாசம் 0.0364, அதாவது பத்து லட்சத்தில் 91 பங்கு. இன்றைய உயர்துல்லியக் கருவிக்கு இது பெரிய இடைவெளி. 13.9793 கூடுதல் என்றால் அர்த்தம் ஒன்றுதான்: ஒரு ஆக்சிஜன் வந்தது, இரண்டு ஹைட்ரஜன் போனது. பி450-க்கு அது இயல்பான கணக்கு. ஆனால் மூலக்கூறுக்குள் நடந்தது இயல்பானது அல்ல. டைரோசினின் வாலில் அடுத்தடுத்து இருந்த இரண்டு கார்பன்களுக்கு இடையிலான பிணைப்பு அறுந்து, ஒரு கார்பன் வளையத்துக்குள் ஏழாவதாக நுழைந்துவிட்டது. மற்றது நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஃபார்மைல் குழுவாகத் தொங்குகிறது. எந்த அணுவும் தொலையவில்லை. பேட்டர்ஸ்பி கதிரியக்கத்தால் கண்ட அதே ஏழாவது கார்பன்.

இந்தப் பொருளின் பெயர் என்-ஃபார்மைல்டெமெகோல்சின். 22 கார்பன், 25 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 6 ஆக்சிஜன். கோல்சிசினுக்கும் அதே எண்ணிக்கைதான்! இரண்டின் எடையும் 400.1755. எவ்வளவு துல்லியமான கருவி வைத்தாலும் எடை மட்டும் பார்த்தால் கோல்சிசின் கிடைத்துவிட்டது என்று கொண்டாட வேண்டியதுதான். பிரித்துக் காட்டுவது வேறு இரண்டு சாட்சிகள்: நிறப்பிரிகைக் குழாயிலிருந்து வெளியே வரும் நேரம், உடைத்தால் கிடைக்கும் துண்டுகள். மெட்டபாலோமிக்ஸில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. எடை ஒத்துப்போனது என்பதற்காக ஒரு பீக்குக்குப் பெயர் சூட்டுவது எத்தனை கட்டுரைகளில் நடந்திருக்கிறது!

8 மரபணுக்கள் செங்காந்தளிலிருந்து புதிதாகக் கிடைத்தன. சட்டகத்தைக் கட்டும் முன்பகுதிக்கு இன்னொரு 8. இந்த 16-ஐயும் பெந்தாமியானா இலையில் சேர்த்து ஓடவிட்டபோது, வெளியிலிருந்து எதையும் ஊட்டாமல், இலையில் ஏற்கெனவே உள்ள ஃபீனைல்அலனினையும் டைரோசினையும் எடுத்துக்கொண்டே அது என்-ஃபார்மைல்டெமெகோல்சினைச் செய்தது.

மற்றவர்கள் கையில் இதே கேள்வி

எது குறைந்தது, எது கூடியது என்ற கேள்வியை மண்ணில் கேட்டவர் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் ட்ரென்ட் நார்தன். பாலைவன மண்ணின் மேல் படியும் நுண்ணுயிர் ஓட்டிலிருந்து 7 பாக்டீரியாக்களைப் பிரித்து, அந்த ஓட்டில் உள்ள மெட்டபோலைட் கலவையைக் கொடுத்து, சாப்பிட்டபின் என்ன மிஞ்சுகிறது என்று அளந்தார்கள். 2015-இல் வந்த முடிவு: ஒவ்வொன்றும் கிடைத்ததில் 13 முதல் 26 விழுக்காடு வரைதான் தொட்டது. 470 பொருள்களில் ஏழும் சேர்ந்து பயன்படுத்தியவை இரண்டே. பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒன்றின் இலையில் ஒன்று பெரும்பாலும் கை வைக்கவில்லை.

இன்னொரு பக்கம், பெயர் இல்லாத பீக்குகளின் பிரச்சினை. 2000-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் மூலக்கூறுத் தாவர உடற்செயலியல் நிறுவனத்தில் ஆலிவர் ஃபீனும் சகாக்களும் அராபிடாப்சிஸ் இலையில் 326 பொருள்களை அளந்தார்கள். அவற்றில் பாதிக்குத்தான் வேதியமைப்பு சொல்ல முடிந்தது. கருவிகள் கூர்மையானபின் பாதி என்பதே கனவாகிவிட்டது. பீட்டர் டோரஸ்டைனின் குழு 2015-இல் எழுதியபோது, இலக்கு வைக்காத ஓர் ஆய்வில் கிடைக்கும் நிறமாலைகளில் பெயர் சொல்ல முடிவது சுமார் 2 விழுக்காடு. அவரும் நூனோ பந்தேராவும் உருவாக்கிய பொதுத்தளம், ஒரேமாதிரி உடையும் மூலக்கூறுகளை உறவுக்காரர்களாகக் கோத்துக் காட்டும். ஒருவர் பெயர் தெரிந்தால் பக்கத்தில் இருப்பவர் யாராக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். நுண்ணுயிர் ஆய்வில் இது மிகப் பெரிய உதவி. ஆனால் கோல்சிசின் போன்ற கதையில் சாட்டலி குழு அந்த 98 விழுக்காட்டோடு மல்லுக்கட்டவே இல்லை. தான் போட்ட நொதியால் நகர்ந்த பீக் எதுவோ அது போதும், மற்றது இலையின் சொந்த விவகாரம் என்று விட்டுவிட்டார்கள். அந்தத் துணிச்சல்தான் வேலையை முடித்தது என்று நினைக்கிறேன்.

எல்லாச் செடிக்கும் இது பலிக்குமா? பலிக்காது. சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும் என்ற விதி, பாதையின் எல்லாப் படிகளும் ஒரே இடத்தில் நடந்தால்தான் தெளிவாக நிற்கும். நித்தியகல்யாணியில் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தின் பாதை இலையின் வெவ்வேறு வகைச் செல்களுக்கு இடையே கைமாறிப் போகிறது. இலையை மொத்தமாக அரைத்து ஆர்என்ஏ எடுத்தால் அந்தக் கைமாற்றம் மறைந்துவிடும். சாரா ஓ'கானரின் குழு 2018-இல் அந்தப் பாதையின் விடுபட்ட நொதிகளைப் பிடித்தது. 2023-இல் ஒற்றைச் செல் அளவில் ஆர்என்ஏவையும் மெட்டபோலைட்டையும் அளந்து எது எந்தச் செல்லில் என்று பிரித்தும் காட்டியது. இன்னொரு பொறி, நொதி வகையை முன்கூட்டியே ஊகிப்பது. நெட்டும் சாட்டலியும் பின்னாளில் ஹுபெர்சின் வகை ஆல்கலாய்டுகளைத் தேடியபோது, கார்போனிக் அன்ஹைட்ரேஸ் போன்ற தோற்றமுள்ள நொதிகள் கார்பன் சட்டகத்தைக் கட்டும் இடத்தில் நின்றன. கரியமில வாயுவையும் நீரையும் சேர்க்கும் குடும்பம் அது. ஆல்கலாய்டு வேலைக்கு யாரும் அதை முதலில் பட்டியலிட மாட்டார்கள்.

கடைசி மூன்று மாற்றங்கள்

2020 ஆய்வு கோல்சிசினின் வாசலில் நின்றது. என்-ஃபார்மைல்டெமெகோல்சினிலிருந்து கோல்சிசினுக்குப் போக நைட்ரஜனில் மூன்று மாற்றங்கள் வேண்டும்: தொங்கும் ஃபார்மைல் போக வேண்டும், மெத்தில் போக வேண்டும், அசிட்டைல் வர வேண்டும். ஸென்க் காலத்து ஆய்வுகள் காட்டிய வழியில் போனால் எடை 400.1755-இலிருந்து 372.1805-க்கு இறங்கும். நாம் ஏணியில் ஏறும்போது மிதித்த அதே எண்தான் அது, வேறு மூலக்கூறு. அங்கிருந்து 358.1649. கடைசியில் அசிட்டைல் சேர்ந்து 42.0106 கூடும்.

2021-இல் நெட்டும் சாட்டலியும் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் இதழில் இந்த மிச்சத்தையும் முடித்து, பெந்தாமியானா இலையிலேயே முழுக் கோல்சிசினைச் செய்துகாட்டினார்கள். கருவி காட்டிய எடை மீண்டும் 400.1755. குழாயிலிருந்து வெளியே வந்த நேரம் மட்டும் வேறு.